பழைய புடவையில் ஒரு கால்மிதி

நைந்த நூல் புடவையைத் தூக்கிப் போடாதீர்கள், கால்மிதிக்கு ஆகும். பாலியெஸ்டர் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது. ஓரத்தில் கத்தரியால் லேசாக வெட்டிவிட்டு, 2 அங்குல அகலத்தில் நீளவாக்கில் கையாலேயே டர்ரென்று கிழியுங்கள். (நூல் தூசி பறக்கும், வாசலில் உட்காருங்கள்.) மூன்று பட்டைகளை ஜன்னல் கம்பியில் முடிந்து ஜடை பின்னுங்கள். ஒரு பட்டை தீர்ந்தால் அதன் நுனியில் அடுத்ததை ஒட்டுப்போடுங்கள். மூன்றும் வெவ்வேறு நீளத்தில் இருந்தால் ஒட்டுப்போட்ட இடங்கள் ஒன்றாகச் சேர்ந்து புடைக்காது.

அப்புறம் பின்னலைத் தரையில் வைத்தே வட்டமாகச் சுற்றி, கோணி ஊசியில் தடித்த நூல் கோத்துத் தையுங்கள். மடியில் வைத்துத் தைத்த என் முதல் கால்மிதி கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது! வளைவுகளில் பின்னலை இழுக்காமல் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தால் தரையோடு படிந்து உட்காரும்.