விடியும்வரை ஓடுமா? களப்பணிக்கு ரெக்கார்டர் வாங்கும் முறை

பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஆயா தாலாட்டுப் பாடினார். மெல்லிய குரல். என் கையில் புத்தம்புது ரெக்கார்டர், எல்லா செட்டிங்கும் ஆட்டோவில். வீட்டுக்கு வந்து கேட்கிறேன்: ஆயா மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் 'உஸ்' என்ற இரைச்சல் மேலே ஏறி வருகிறது. கூரைமேல் சேவல் கூவியதும் பாட்டு பாதாளத்துக்குப் போய், இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் திரும்பி வருகிறது. அடுத்த வாரம் மறுபடி போய்ப் பாடச் சொன்னேன். "அன்னைக்கு வந்துச்சு கண்ணு, இன்னைக்கு வரமாட்டேங்குது" என்று சிரித்துவிட்டார்.

ஸ்டுடியோவில் 'இன்னொரு தடவை' உண்டு. களத்தில் கிடையாது. அதனால் ரெக்கார்டர் வாங்கும்போது அதன் சிறப்புகளைவிட, அது எந்த இடத்தில் காலை வாரும் என்று பார்ப்பதுதான் என் வழக்கம். நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பவர்கள், மொழி ஆய்வு மாணவர்கள், வானொலிக்கோ ஆவணப்படத்துக்கோ பேட்டி எடுப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நான் சுற்றிய இடங்கள்தான் எடுத்துக்காட்டு.

படி 1: எதைப் பதிவு செய்யப்போகிறோம் என்று எழுதிவையுங்கள்

கடையில் போய் "நல்ல ரெக்கார்டர் எது?" என்று கேட்பது, மருந்துக்கடையில் "நல்ல மாத்திரை எது?" என்று கேட்பது மாதிரி. முதலில் ஒரு தாளை எடுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் போகப்போகிற இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள்: எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், எத்தனை பேர்.

என் தாளில் இருந்தவை இவை. சித்தேரி மலையில் ஒரு பெரியவரிடம் பழைய கதை கேட்பது: தாழ்ந்த குரல், ஒரு மணி நேரம், ஒரே ஆள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து: இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை, முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தலைக்குமேல் குழாய் ஸ்பீக்கர், பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரின் பேச்சு: பத்து நிமிடம்தான், ஆனால் பக்கத்தில் அருவி. தளி பக்கத்தில் ஒரு வீட்டு வாசல்: நான்கு பேர் தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகக் கலந்து, ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர் பேசுவார்கள்.

இந்த நான்குக்கும் ஒரே கருவி கச்சிதமாகப் பொருந்தாது. உங்கள் தாளில் எது அதிகமாக வருகிறதோ அதற்கு வாங்குங்கள். மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

படி 2: உள்ளே இருக்கும் மைக் போதுமா, வெளி மைக் வேண்டுமா?

பணம் அதிகம் வீணாவது இந்த முடிவில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

கையடக்க ரெக்கார்டர்களின் தலையில் இரண்டு சின்ன மைக் இருக்கும். சிலவற்றில் அவை எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும்; டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் அப்படி. சிலவற்றில் குறுக்கே சாய்ந்து முன்பக்கத்தை அதிகம் வாங்கும். ஸூம் எச்1என் அப்படி. வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு முதல் வகை, எதிரே ஒருவர் பேச இரண்டாவது வகை.

எந்த மைக்காக இருந்தாலும் விலையைவிட தூரம்தான் பெரிய விஷயம். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், திறந்த வெளியில் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். சுற்றுப்புறச் சத்தம் அப்படியேதான் இருக்கும். ஆறடி தள்ளி வைத்த விலை உயர்ந்த மைக்கை, சட்டைக் காலரில் குத்திய சாதாரண மைக் தோற்கடித்துவிடும்.

ஆகவே பேட்டிதான் உங்கள் வேலை என்றால், காலர் மைக் செருக 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிற ரெக்கார்டர் வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. போனுக்கென்று விற்கும் காலர் மைக்கின் செருகு முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், ரெக்கார்டருக்கானதில் இரண்டு. மூன்று வளைய முனையை நேரடியாக ரெக்கார்டரில் செருகினால் பல நேரம் சத்தமே வராது. சின்ன அடாப்டர் ஒன்று போதும், ஆனால் அதை அஞ்செட்டி மாதிரி சின்ன ஊரில் போய்த் தேட முடியாது.

நீண்ட துப்பாக்கி மைக் போன்ற தொழில்முறை மைக்குகளுக்கு எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று முள் வட்டத் துளை வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு ரெக்கார்டரிலிருந்து 48 வோல்ட் பேன்டம் பவரும் (மைக் வயர் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போக வேண்டும். இந்த வகை வயரில் ஒரே சமிக்ஞை இரண்டு கம்பிகளில் நேரும் எதிருமாகப் போவதால், வழியில் சேரும் மின் இரைச்சல் மறுமுனையில் கழிந்துவிடும். ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் சூழ்ந்த கோயில் திடலில் இதன் அருமை தெரியும்.

ஒகேனக்கல்லுக்கு ஒரு தனிக் குறிப்பு. அருவியின் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவிய இரைச்சல்; அதைப் பின்னால் கணினியில் வடிகட்ட முயன்றால் குரலும் சேர்ந்து அடிபடும். ஒருபக்கம் மட்டும் கேட்கும் மைக்கின் முதுகு அருவியைப் பார்க்க வேண்டும். அதாவது பரிசல்காரர் அருவியைப் பார்த்து உட்கார வேண்டும், நீங்கள் அருவிக்கு முதுகு காட்ட வேண்டும். வீடியோ எடுக்கும் நண்பர் கூட வந்தால் நேர் எதிராகக் கேட்பார். நான் ஒரு தடவை விட்டுக்கொடுத்தேன், படம் அழகாக வந்தது.

படி 3: கருவியின் சொந்த இரைச்சலைப் பாருங்கள்

மைக்கிலிருந்து வரும் மிகச் சின்ன மின்சாரத்தைப் பெருக்கும் பகுதிக்குப் ப்ரீஆம்ப் என்று பெயர். மலிவான ப்ரீஆம்ப், கெயினை (பெருக்கும் அளவை) கூட்டக் கூட்டத் தானே 'உஸ்' என்று பாடத் தொடங்கும். கூத்துக்கு இது பொருட்டே இல்லை. தாலாட்டுக்கும், விடியற்காலைக் காட்டுப் பறவைக்கும் இதுதான் தலையெழுத்து.

விவரத்தாளில் 'ஈஐஎன்' என்று இந்தச் சொந்த இரைச்சலின் எண்ணைப் போட்டிருப்பார்கள், டெசிபல் கணக்கில், கழித்தல் குறியோடு. மைனஸ் 120 அல்லது அதற்கும் கீழே இருந்தால் மெல்லிய குரலுக்கும் தைரியமாக வாங்கலாம். அந்த எண்ணையே போடாத கருவியைக் காதால் சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

படி 4: பதிவின் வடிவம்

வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது), 24 பிட் (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பது). இதை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். எம்பி3 இடத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் சுருக்கும், எறிந்தது திரும்ப வராது. ஆவணக் காப்பகங்கள் சுருக்காத வேவ் கோப்பையே கேட்கும். 96 கிலோஹெர்ட்ஸ் மனிதப் பேச்சுக்குத் தேவையில்லை, கார்டுதான் இரண்டு மடங்கு வேகமாக நிறையும்.

24 பிட் ஏன்? மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபல் இடம் தரும். 16 பிட்டில் 96 டெசிபல், 24 பிட்டில் கணக்குப்படி 144. இந்த இடம் இருப்பதால் அளவைக் குறைத்தே வைக்கலாம். கருவியின் அளவுகோலில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும்; பூஜ்யம்தான் அதன் கூரை. திடீரென்று சிரித்தாலும் பூஜ்யத்தில் முட்டிக் கிழியாது.

இப்போது 32 பிட் ஃப்ளோட் வசதியுள்ள கருவிகள் கையடக்க விலையிலேயே வந்துவிட்டன. இவற்றில் சத்தம் எகிறினாலும் பின்னால் இறக்கிக்கொள்ளலாம், குறைந்தாலும் ஏற்றிக்கொள்ளலாம். கெயின் பற்றிப் பயப்படும் ஆரம்பநிலையாளருக்கு இதுவே என் பரிந்துரை. ஆனால் மைக்செட்காரரின் மிக்சரிலேயே கிழிந்து வந்த ஒலியை எந்த ஃப்ளோட்டும் தைக்காது. தூரத்தில் வைத்த மைக்கை அது பக்கத்தில் கொண்டுவராது.

ஆட்டோ லெவல் இருந்தால் அணைத்துவிடுங்கள். அந்தச் சேவல் விவகாரம் முழுக்க அதனால் வந்ததுதான். சத்தம் குறைந்தால் தானே ஏற்றும், கூடினால் தானே இறக்கும். பாட்டின் ஏற்ற இறக்கமெல்லாம் போய்விடும். "போனிலேயே எடுக்கலாமே?" என்பவர்களுக்கும் இதே பதில்தான்: பல போன்களில் இந்த வேலை நம்மைக் கேட்காமலே நடக்கிறது. நடுவில் அழைப்பு வேறு வரும். இரண்டாவது பிரதிக்குப் போன் நல்லது.

படி 5: மின்சாரம்

கூத்துக்குப் போகும் ஆள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விளம்பரத்தில் போட்டிருக்கும் மணிநேரக் கணக்கு சாதகமான நிலைமையில் எடுத்தது. பேன்டம் பவர் போட்டதும், ஹெட்போன் செருகியதும் அது சடசடவென்று இறங்கும்.

பென்டார்ச் செல் போடும் கருவி, ரிமோட் செல் போடும் கருவி, உள்ளேயே பேட்டரி வைத்த கருவி என்று மூன்று வகை. என் ஓட்டு பென்டார்ச் செல்லுக்கு. ஒரு ஜோடி தீர்ந்தால் அடுத்த ஜோடி. ஆனால் மலையூர்ப் பெட்டிக்கடையில் பெரும்பாலும் கிடைப்பது கடிகாரத்துக்குப் போடும் சாதா செல். ரெக்கார்டரில் அது சீக்கிரமே படுத்துவிடும். ஆல்கலைன் செல்லோ, சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல்லோ ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். நிக்கல் செல் 1.2 வோல்ட், சாதா செல் 1.5 வோல்ட், மெனுவில் செல்லின் வகையைச் சரியாகச் சொல்லாவிட்டால் பேட்டரி அளவைக் கருவி தப்பாகக் காட்டும்.

யூஎஸ்பி வழியாக பவர் பேங்க்கில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ரெக்கார்டர் உறிஞ்சும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்க்குகள் 'எதுவும் செருகவில்லை' என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். செல்லையும் உள்ளே போட்டுவைத்து வீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

எனக்கு ஒருமுறை துரியோதனன் படுகளத்துக்குச் சற்று முன் செல் தீர்ந்தது. பதிவை நிறுத்தும்போதுதான் அந்தக் கருவி கோப்பின் தலைப்பை எழுதி மூடும். மூடாமல் செத்ததால், அத்தனை மணி நேரக் கோப்பு திறக்கவே இல்லை. அதிலிருந்து ஒரு வேடம் போய் அடுத்த வேடத்துக்குத் திரை பிடிக்கிற நேரத்தில் நிறுத்தி, உடனே மறுபடி தொடங்குகிறேன்.

படி 6: கார்டு

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ: நிமிடத்துக்கு 17 எம்பி, மணிக்கு 1 ஜிபிக்குச் சற்று மேலே. எட்டு மணி நேரக் கூத்துக்குச் சுமார் 8.3 ஜிபி. 32 பிட் ஃப்ளோட்டில் பதினொன்று. 32 ஜிபி கார்டு இரண்டு வாங்குங்கள், 64 ஒன்று வேண்டாம். தொலைந்தால் பாதிதான் போகும். பழைய மாடல்கள் சில 32 ஜிபிக்கு மேல் ஏற்காது என்பதும் ஒரு காரணம். கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

படி 7: காற்றும் காதும்

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். மைக்குக்கு வைகாசிக் காற்றே போதும். பெட்டியோடு வரும் பஞ்சு உறை மின்விசிறிக் காற்றைத் தாங்கும், வத்தல்மலை உச்சியில் தாங்காது. முடி வைத்த உறை ஒன்று தனியாக வாங்குங்கள். பார்க்க நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருக்கும், குழந்தைகள் தடவிப் பார்க்க வரும், அது தனித் தொல்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதி இருந்தால் பேச்சுக்கு அதைப் போடுங்கள், மிருதங்கத்துக்குப் போடாதீர்கள்.

ஹெட்போன் காதை மூடுவதாக இருக்கட்டும். பதிவின்போது கேட்காதவர், வீட்டில் கேட்டு வருந்துவார்.

படி 8: எதை வாங்குவது?

ஒருவர், இருவர் பேட்டி மட்டும் என்றால் ஸூம் எச்1எசென்ஷியல்: 2024இல் வந்தது, 32 பிட் ஃப்ளோட், சட்டைப் பையில் அடங்கும். ரிமோட் செல் போடும் வகை என்பதால் மாற்றுச் செல் நிறைய வேண்டும். பென்டார்ச் செல் வேண்டுவோருக்கு டிஆர்-05எக்ஸ். எக்ஸ்எல்ஆர் மைக் இரண்டு செருக வேண்டுமானால் ஸூம் எச்4எசென்ஷியல் அல்லது டாஸ்காம் டிஆர்-40எக்ஸ். மெல்லிய ஒலிதான் உயிர் என்பவர்களுக்கு ஸூம் எஃப்3. கெயின் குமிழே கிடையாது, உள் மைக்கும் கிடையாது, மைக்குக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். தளி வாசல்போல நான்கு பேருக்கு நான்கு மைக் என்றால் ஸூம் எச்6எசென்ஷியல்.

மின்னணுக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்பி ரோடு ஓசூரிலிருந்து பக்கம்தான். நேரில் போனால் ஹெட்போனும் செல்லும் கையோடு எடுத்துப்போய், கடையிலேயே போட்டுக் கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஒரு கூத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 9: வாங்கிய அன்றே சோதனை

பெட்டியையும் ரசீதையும் தூக்கிப்போடாதீர்கள். விடிகாலை நான்கு மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுவர்க் கடிகாரத்திலிருந்து ஓரடி தள்ளி ரெக்கார்டரை மேசையில் வையுங்கள். கெயினை நன்றாகக் கூட்டி, ஊர், தேதி, உங்கள் பெயர் மூன்றையும் சொல்லிவிட்டு (களத்திலும் ஒவ்வொரு பதிவையும் இப்படித்தான் தொடங்க வேண்டும், பாடுபவரின் சம்மதத்தையும் அதிலேயே பதிந்துகொள்ளுங்கள்) ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். அப்புறம் ஹெட்போனில் கேளுங்கள். 'டிக் டிக்' தெளிவாகத் தெரிந்தால் தாலாட்டுக்குத் தாங்கும். 'உஸ்' முந்திக்கொண்டால், காலையில் கடை திறந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.