க்வென்ட்: பத்து கார்டை மூன்று ரவுண்டுக்கு இழுப்பது எப்படி?

ரம்மி ஆடிப் பழகிய கை க்வென்ட்டில் முதல் நாள் தோற்கும். ரம்மியில் ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஒன்றைக் கீழே போடுகிறோம், கையில் எண்ணிக்கை குறைவதே இல்லை. 'தி விட்சர் 3' வீடியோ கேமுக்குள் வரும் சீட்டாட்டமான க்வென்ட்டில் ஆரம்பத்தில் பத்து கார்டு தருவார்கள், அதை வைத்தே மூன்று ரவுண்டையும் ஓட்ட வேண்டும். உளவாளி கார்டு மாதிரி ஒன்றிரண்டு வழிகளை விட்டால் புதிதாக எதுவும் வராது. முதல் ரவுண்டிலேயே எட்டு கார்டை இறைத்துவிட்டு, அடுத்த ரவுண்டில் வெறுங்கையோடு முழிப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. 2018-இல் க்வென்ட் தனி கேமாகவும் வந்தது. அதில் வரிசை இரண்டுதான், விதிகளும் வேறு. இணையத்தில் குறிப்பு தேடும்போது இரண்டும் கலந்து வந்து குழப்பும். இங்கே சொல்வதெல்லாம் 2015-இல் வந்த விட்சர் 3-க்குள் இருக்கும் ஆட்டத்துக்கு மட்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் அட்டையில் 'கேம் ஆஃப் தி இயர்' என்று இருக்கிறதா பாருங்கள். ஸ்கெல்லிகே அணியின் டெக் (ஒருவர் ஆட எடுத்துவரும் சீட்டுக்கட்டு) 'ப்ளட் அண்ட் வைன்' விரிவாக்கத்தோடுதான் வரும். வெறும் மூல கேமில் நான்கு அணிகள்தான்.

படி 1: மேசையைப் படியுங்கள்

ஒவ்வொருவர் பக்கமும் மூன்று வரிசை: முன்னால் கைகலப்பு, நடுவில் தூர அடி, பின்னால் முற்றுகை. உங்கள் முறை வரும்போது ஒரு கார்டு போடலாம், உங்கள் தலைவர் கார்டின் சக்தியைப் பயன்படுத்தலாம், அல்லது 'பாஸ்' சொல்லலாம். பாஸ் சொன்னால் அந்த ரவுண்டுக்குள் திரும்ப வர முடியாது. கூட்டுத்தொகை அதிகம் உள்ளவருக்கு ரவுண்டு, தோற்றவருக்கு இரண்டு உயிரில் ஒன்று போகும். சமன் என்றால் இருவருக்கும் போகும், ஆனால் நில்ஃப்கார்ட் அணிக்குச் சமனும் வெற்றிதான். ரவுண்டு முடிந்ததும் மேசை துடைக்கப்படும்.

படி 2: டெக்கை மெலிதாகக் கட்டுங்கள்

வீரர் கார்டு குறைந்தது 22 இருக்க வேண்டும், சிறப்புக் கார்டு அதிகபட்சம் 10. வீரர்களுக்கு மேல் வரம்பு கிடையாது என்பதால் கிடைத்ததையெல்லாம் உள்ளே திணிக்கத் தோன்றும். திணிக்காதீர்கள். 22 வீரர், 5 சிறப்பு என்று 27-ல் நிறுத்தினால் டெக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் கையிலேயே வந்துவிடும். அதுவே 40 என்றால் கால் பங்குதான். உங்கள் நல்ல கார்டுகள் அடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

முதல் அணியாக நார்தர்ன் ரெல்ம்ஸ் போதும். ரவுண்டு ஜெயித்தால் ஒரு கார்டு கூடுதலாகக் கிடைக்கும். இதன் பலம் 'டைட் பாண்ட்': ஒரே பெயருள்ள கார்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று பெருக்கும். ப்ளூ ஸ்ட்ரைப்ஸ் கமாண்டோ தனியாக 4. இரண்டு நின்றால் ஆளுக்கு 8, மொத்தம் 16. மூன்று நின்றால் ஆளுக்கு 12, மொத்தம் 36. வரிசையின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கமாண்டர்ஸ் ஹார்ன் கார்டை அங்கே ஊதினால் 72. கேட்டபல்ட் இரண்டு சேர்ந்தால் 32.

படி 3: இரண்டு கார்டை மாற்றுங்கள்

ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கார்டு வரை திருப்பிக் கொடுக்கலாம். உங்கள் சொந்த வரிசையையே அடிக்கும் வானிலைக் கார்டு முதலில் போகட்டும், அடுத்தது 1, 2 மதிப்புள்ள வெற்று வீரர்.

படி 4: உளவாளியை முதலில் அனுப்புங்கள்

உளவாளிக் கார்டு எதிராளியின் பக்கம் போய் உட்காரும், அதன் மதிப்பு அவர் கணக்கில் சேரும். பதிலுக்கு உங்கள் டெக்கிலிருந்து இரண்டு கார்டு உங்களுக்கு வரும். பிரின்ஸ் ஸ்டென்னிஸ் அவருக்கு 5 கொடுக்கும், டைக்ஸ்ட்ரா 4, தேலர் வெறும் 1. எதிராளிக்குப் புள்ளியைத் தூக்கிக் கொடுக்க மனசு வராதுதான், ஆனால் இந்த ஆட்டத்தில் புள்ளியைவிடக் கையிலிருக்கும் கார்டு விலை கூடியது.

அவர் உங்கள் பக்கம் ஒரு உளவாளியை அனுப்பினால் சந்தோஷப்படுங்கள். டீகாய் கார்டைப் போட்டு அந்த உளவாளியை உங்கள் கைக்கு எடுத்து, அடுத்த முறை அவர் பக்கமே திருப்பி அனுப்பலாம். இரண்டு கார்டு உங்களுக்கு. எனவே டீகாய் ஒன்றையாவது கடைசி வரை பிடித்து வையுங்கள்.

படி 5: எப்போது பாஸ்?

நீங்கள் முதலில் தொடங்குகிறீர்கள், ஆளுக்கு நான்கு முறை ஆடியாயிற்று என்று வையுங்கள். நீங்கள் போட்டது ஸ்டென்னிஸ், டைக்ஸ்ட்ரா, ஆளுக்கு 5 மதிப்புள்ள இரண்டு சாதா வீரர். உங்கள் கணக்கு 10. அவர் நான்கு கார்டில் 25 எடுக்க, உங்கள் உளவாளிகளும் சேர்ந்து 34 காட்டுகிறது. பார்த்தால் அடி வாங்குவது போலத்தான் இருக்கும். கையை எண்ணுங்கள்: அவரிடம் 6, உங்களிடம் 10. இங்கே பாஸ் சொல்லுங்கள். 24 புள்ளியைத் துரத்தி மூன்று கார்டை எரித்தால் அந்த முன்னிலை கரைந்துபோகும். ரவுண்டு ஒன்று போனாலும், மீதி இரண்டில் நான்கு கார்டு அதிகமாக வைத்திருக்கிறீர்கள். கமாண்டோக்களை அங்கே இறக்குங்கள்.

முதல் ரவுண்டை நீங்கள் ஜெயித்துவிட்டால் அடுத்ததில் அவசரமே வேண்டாம். அதை விட்டால் அவர் அவுட், எப்படியும் கார்டை இறக்கியாக வேண்டும். நீங்கள் ஒன்றிரண்டைப் போட்டு ஆசைகாட்டி, அவர் கை காலியாகும் நேரம் பார்த்து விலகுங்கள்.

படி 6: வானிலையும் ஸ்கார்ச்சும்

பைட்டிங் ஃப்ராஸ்ட் கைகலப்பு வரிசையையும், ஃபாக் தூர அடியையும், ரெயின் முற்றுகையையும் அடிக்கும், அதுவும் இருபுறமும். அந்த வரிசையில் ஹீரோ (சிறப்புக் கார்டு எதுவும் பாதிக்காத வீரர்) தவிர எல்லாருடைய மதிப்பும் 1 ஆகும், பெருக்கல் அதற்கு மேல்தான் நடக்கும். 36 காட்டிய மூன்று கமாண்டோ ஃப்ராஸ்ட்டில் 9-க்கு இறங்கிவிடும். ஒரே வரிசையில் எல்லாரையும் நிறுத்தாதீர்கள், டெக்கில் வானிலையை நீக்கும் க்ளியர் வெதர் ஒன்று இருக்கட்டும்.

ஸ்கார்ச் இன்னும் மோசம். மேசையிலேயே அதிக மதிப்புள்ள வீரரை எரிக்கும், சமமாக எத்தனை பேர் இருந்தாலும் மொத்தமாக, உங்கள் ஆட்களாக இருந்தாலும். ஆளுக்கு 12-ல் நிற்கும் மூன்று கமாண்டோவும் ஒரே வீச்சில் சாம்பல். நீங்களே ஸ்கார்ச் போடும் முன் இரு பக்கத்து எண்களையும் ஒருமுறை பாருங்கள். ஹீரோக்களை இதுவும் ஒன்றும் செய்யாது, டீகாயும், எரிந்துபோன வீரரைத் திரும்ப இறக்கும் மருத்துவர் கார்டும் அவர்களிடம் பலிக்காது.

படி 7: கார்டு சேர்ப்பது

கேமின் தொடக்கத்தில் வரும் ஒயிட் ஆர்ச்சர்ட் ஊரின் விடுதியில் உட்கார்ந்திருக்கும் அறிஞர் ஆட்டத்தைச் சொல்லித் தருவார், அதே விடுதிக்காரியிடம் கார்டும் கிடைக்கும். கையில் காசு சேர்ந்ததும் அவளிடம் இருப்பதை முழுசாக வாங்கிவிடுங்கள். பிறகு வழியில் பார்க்கும் வியாபாரி, கொல்லன் என்று ஒவ்வொருவரையும் ஆட்டத்துக்கு இழுங்கள், முதல் வெற்றிக்கு ஒரு கார்டு வரும். பேச்சுக் கொடுப்பதற்கு முன் சேவ் செய்துகொள்ளுங்கள். மே மாதச் சென்னையில், யுபிஎஸ் இல்லாத வீட்டில், மூன்றாவது ரவுண்டில்தான் கரண்ட் போகும்.

நோவிக்ராட் நகரில் ட்ரிஸ் என்ற மந்திரக்காரியோடு முகமூடி விருந்துக்குப் போகும் குவெஸ்ட் ஒன்று உண்டு. அங்கே ஒரு க்வென்ட் போட்டி நடக்கும். விருந்து முடிந்தபின் அதற்குத் திரும்ப முடியாது. போவதற்கு முன் தனியாக ஒரு சேவ் போட்டு, டெக்கை 27-க்கு வெட்டி, டீகாய் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.