இன்னும் முடிவெடுக்காத வாக்காளர் முடிவுக்கு வருவது எப்படி?

தேசியத் தேர்தல் நெருங்கும்போது, எந்தக் கட்சியோடும் மனத்தைப் பிணைத்துக்கொள்ளாத வாக்காளரின் பாடு சிரமமானது. கட்சிக்காரர்களுக்கு அவர் மதில்மேல் பூனை. கருத்துக் கணிப்பு நடத்துவோருக்கு அட்டவணையின் கடைசி வரியில் வரும் ஒரு சதவீதம். இரு தரப்பும் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளையும் தொலைக்காட்சி விவாதங்களையும் பார்க்கப் பார்க்கத் தெளிவுக்குப் பதில் எரிச்சலே மிஞ்சுகிறது. தகவல் குறைவு இந்த எரிச்சலுக்குக் காரணம் என்று நான் கருதவில்லை. ‘நாட்டுக்கு யார் நல்லவர்?’ என்ற மிகப் பெரிய கேள்வியை ஒற்றை வாக்கின் தலையில் ஏற்றிவைப்பதே காரணம். அந்தக் கேள்வியை, ‘என் வாக்கு எதை மாற்றக்கூடும்?’ என்ற அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் வேலை பாதியாகிவிடும்.

ஆகவே, பேச்சாளர்களைக் கவனிக்கும் முன் வாக்குச்சீட்டைக் கவனியுங்கள். இந்தியா, பிரிட்டன், கனடா, மலேசியா ஆகிய நாடுகளில் வாக்காளர் தேர்ந்தெடுப்பது தொகுதி உறுப்பினரை மட்டுமே. அதிக வாக்கு பெற்றவர் வென்றவர், பிரதமரின் பெயர் அவருடைய சொந்தத் தொகுதியைத் தவிர வேறெந்தச் சீட்டிலும் இருப்பதில்லை. அத்தகைய இடத்தில், சென்ற தேர்தலில் உங்கள் தொகுதியில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் யார், வித்தியாசம் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். போட்டி இருவருக்கிடையில்தான் என்றால், மூன்றாமவருக்கு அளிக்கும் வாக்கு முடிவை மாற்றுவதைவிட ஒரு செய்தியைப் பதிவு செய்வதாகவே அமையும். இரண்டுமே நியாயமானவை, எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்வதே முக்கியம்.

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் நிலைமை வேறு. அங்கே மூவர் வரை விருப்ப வரிசை குறிக்கலாம். முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு முதல் விருப்பம் அளித்தவர்களின் அடுத்த விருப்பங்கள் எண்ணப்படும். 2024 தேர்தலில் முதன்முறையாக அப்படி நடந்தது. எனவே, பிடித்த வேட்பாளருக்கு முதல் விருப்பத்தை அளித்துவிட்டு, வெல்லும் வாய்ப்புள்ள இருவரில் சகித்துக்கொள்ளக்கூடியவருக்கு அடுத்ததை அளிப்பவரிடம் ‘உங்கள் வாக்கு வீணாகும்’ என்ற மிரட்டல் எடுபடாது. ஜெர்மனியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். அவற்றில் கட்சிக்கு அளிக்கும் இரண்டாவது வாக்கே நாடாளுமன்றத்தில் கட்சிகளின் பலத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்து, உங்களுக்கு முக்கியமான மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். இதைப் பிரசாரம் சூடுபிடிக்கும் முன்பே செய்வது நல்லது. தாமதித்தால், அந்த வாரம் எவர் உரக்கப் பேசினாரோ அவருடைய விஷயமே உங்கள் விஷயமாகிவிடும். எழுதிய ஒவ்வொன்றும் தேசிய அரசின் அதிகாரத்துக்குள் வருகிறதா என்றும் சரிபாருங்கள். இந்தியாவில் காவல் துறையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. பாதுகாப்பு, ரயில்வே, நாணயம், வருமான வரி ஆகியவை ஒன்றிய அரசுக்குரியவை. தெருவிளக்கு எரியாத கோபத்தை நாடாளுமன்றத் தேர்தலில் காட்டுவது புரிந்துகொள்ளக்கூடியதே, ஆனால் அதனால் விளக்கு எரியாது.

இனித் தேர்தல் அறிக்கைகள். அவற்றை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் மூன்று விஷயங்கள் வரும் பத்திகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, ஓர் அறிக்கையில் ‘எல்லா மாவட்டங்களிலும் புற்றுநோய் சிகிச்சை மையம் அமைக்க நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘அமைப்போம்’ என்று எழுதியிருந்தால் செய்பவர் யார் என்பது தெரியும், செய்யாவிட்டால் சுட்டிக் கேட்கலாம். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றால் ஒரு குழு அமைத்தாலே வாக்குறுதி நிறைவேறியதாகிவிடும். ‘அமைக்க வலியுறுத்துவோம்’ என்பது ஆட்சி அமைக்க முடியாத சிறு கட்சி சொன்னால் நேர்மை; ஆட்சிக்கு வரப்போவதாகச் சொல்லும் கட்சி சொன்னால் அது யாரை வலியுறுத்தப் போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. எத்தனை ஆண்டுக்குள், எந்தப் பணத்தில் என்ற இரண்டுக்கும் விடை இல்லாத வரியை விருப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள், வாக்குறுதியாக அல்ல.

செலவுக் கணக்கைப் பொறுத்தவரை நாடுகளுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. நெதர்லாந்தில் 1986 முதல் அரசின் பொருளாதார ஆய்வு அமைப்பு ஒன்று, கேட்டுக்கொள்ளும் கட்சிகளின் திட்டங்களுக்குச் செலவும் விளைவும் கணக்கிட்டு வெளியிட்டு வருகிறது. இந்தியாவில், 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, வாக்குறுதிகளுக்கான நியாயத்தையும் நிதி திரட்டும் வழியையும் அறிக்கையிலேயே பொதுவாகச் சுட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுத்தது. அந்த வழி உங்கள் கையிலுள்ள அறிக்கையில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதே ஒரு சோதனை. அதைவிட எளிய சோதனையும் உண்டு: அதே கட்சியின் முந்தைய அறிக்கையை எடுத்து, உங்கள் மூன்று விஷயங்களில் அப்போது என்ன சொன்னார்கள், பிறகு என்ன நடந்தது என்று ஒப்பிடுங்கள்.

வேட்பாளரை எடைபோடும்போது, அவர் நாடாளுமன்றத்தில் எப்படி வாக்களித்தார் என்று பார்ப்பது பிரிட்டனில் பயன்படும்; அங்கே பெயர்வாரியான வாக்கெடுப்புப் பட்டியல்கள் வெளியாகின்றன, உறுப்பினர்கள் கட்சிக்கு எதிராக வாக்களிப்பதும் உண்டு. இந்தியாவில் 1985 முதல் உள்ள கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரிடும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால் தனிநபர் பதிவும் கிடைப்பதில்லை. ஆகவே கொள்கைக்குக் கட்சியைப் பாருங்கள். உழைப்புக்கும் நாணயத்துக்கும் மட்டும் வேட்பாளரைப் பாருங்கள். வருகைப் பதிவும் கேட்ட கேள்விகளும் உழைப்பைக் காட்டும்.

நாணயத்துக்கு, வேட்பாளர் தம் மீதான வழக்குகளையும் தம் சொத்துகளையும் தெரிவித்து இந்தியாவில் வேட்புமனுவுடன் தாக்கல் செய்யும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் இருக்கிறது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் அது கிடைக்கும். ‘இத்தனை வழக்குகள்’ என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், எந்தச் சட்டப் பிரிவு, நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்துவிட்டதா, தண்டனை உண்டா என்ற வரிகளைப் படியுங்கள். தடையை மீறி ஊர்வலம் போனதற்கான வழக்கும் கொலை முயற்சி வழக்கும் எண்ணிக்கையில் ஒன்றுதான். பழைய வேட்பாளர் என்றால், சென்ற தேர்தலின் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துச் சொத்துப் பகுதியை ஒப்பிடலாம்.

கருத்துக் கணிப்புகள் முடிவெடுக்காதவரைத்தான் அதிகம் அலைக்கழிக்கின்றன. ஏறத்தாழ 1000 பேரிடம் முறையாக எடுத்த கணிப்பில்கூட ஒவ்வொரு எண்ணுக்கும் 3 சதவீதப் புள்ளி வரை மேலும் கீழும் பிழை எதிர்பார்க்கத்தக்கது. இரு கட்சிகளுக்கிடையிலான இடைவெளிக்கோ பிழை ஏறத்தாழ இரு மடங்கு. எனவே 42க்கு 39 என்பதை முன்னிலை என்று சொல்வதே சிரமம். இன்னொரு சங்கதி: ஒரு கணிப்பில் 38, 36, மற்றவர்கள் 10, முடிவெடுக்காதவர்கள் 16 என்று வந்தால், கடைசி 16ஐ நீக்கிவிட்டு 45, 43, 12 என்று வெளியிடுவதுண்டு. அதாவது, நீங்களும் மற்றவர்களைப் போலவே பிரிந்து வாக்களிப்பீர்கள் என்று உங்களைக் கேட்காமலேயே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் பல வாக்குக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் இடம் கொடுத்தன, கிடைத்தது 293. வெல்பவருக்கு வாக்களிக்க வேண்டும் என்ற ஆசைக்குக் கணிப்பு நம்பகமான வழிகாட்டி அல்ல.

துண்டு காணொளிகளுக்கு அதிக நேரம் தர வேண்டாம். உங்களைக் கோபப்படுத்திய துண்டின் முழு உரையைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்தத் துண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இருவர் சரிசமமாக நின்றால், எந்தத் தரப்பின் தவறைத் திருத்துவது எளிது என்று கேளுங்கள். தவறான வரி விகிதத்தை அடுத்த அரசு மாற்றிவிடலாம். நீதிமன்றங்களின் சுதந்திரம், தேர்தல் நடத்தும் அமைப்பின் நடுநிலை, பத்திரிகைகளின் உரிமை போன்றவை சிதைந்தால், அந்த அடுத்த அரசைத் தேர்ந்தெடுக்கும் வழியே குறுகிவிடும். என் பார்வையில், சமநிலையை முறிக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை.

எவரும் தேறவில்லை என்று நினைப்போர் தங்கள் நாட்டின் விதியை அறிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் 2013 முதல் ‘இவர்களில் எவரும் வேண்டாம்’ என்று பதிவு செய்யும் நோட்டா உண்டு, ஆனால் மக்களவைத் தேர்தலில் அது முதலிடம் பெற்றாலும் வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வென்றவர். 2024இல் இந்தூர் தொகுதியில் நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கும் மேல் விழுந்தும் அங்கு ஒருவர் உறுப்பினரானார். எனவே அது எதிர்ப்பின் பதிவு, தடை அல்ல.

இந்தியாவில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய்ந்துவிடும். உங்கள் முடிவுக்கான கெடுவாக அந்த நேரத்தையே வைத்துக்கொண்டு, தாளில் எழுதிய மூன்று விஷயங்களுக்கும் நேரே பெயரை எழுதிவிடுங்கள். அதன் பிறகு வரும் ‘அதிர்ச்சித் தகவல்’ எதையும் சரிபார்க்க உங்களுக்கும் அவகாசம் இருக்காது, மறுப்புச் சொல்ல மறுதரப்புக்கும் இருக்காது. பரப்புபவர்கள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே அதனால்தான்.