பழைய லப்டொப்புக்கு ஒரு எஸ்எஸ்டி

திருநெல்வேலியில் எங்கள் வீட்டு லப்டொப் 2014இல் வாங்கியது. சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாலும் விழித்திருக்காது. கோளாறு சுழலும் வன்தட்டில்தான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். அது சுழலும் பாகமே இல்லாத, வேகமான சேமிப்பகம்.

முதலில் படங்கள், ஆவணங்களை வெளியே பிரதி எடுங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். அப்புறம் 2.5 அங்குல சாட்டா (இணைப்பு வகையின் பெயர்) எஸ்எஸ்டி வாங்குங்கள். 240 ஜிபி போதும்.

சார்ஜரைப் பிடுங்கி, பற்றரியையும் கழற்றிவிட்டுத் திறவுங்கள். திருகாணிகள் எல்லாம் ஒரே நீளமில்லை. அடிப்பக்கத்தைக் கொப்பித்தாளில் கீறி, அந்தந்த இடத்தில் ஒவ்வொன்றையும் செலோரேப்பால் ஒட்டினேன். நீளமானதை மாறி முறுக்கினால் விசைப்பலகைப் பக்கம் புடைத்துவிடும். முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. பழைய தட்டின் தகரச் சட்டத்தை எறியாதீர்கள், புதியதை அதில்தான் பூட்டவேண்டும்.

புதிய எஸ்எஸ்டி வெறுமையாக இருக்கும், அதில் இயங்குதளம் ஒன்றை நிறுவவேண்டும். வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. 11க்கு இந்த வயசு லப்டொப் தகுதியில்லை. சரி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். அதை இன்னொரு கணினியில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் 8 ஜிபி பென்ட்ரைவில் எழுதி, அதிலிருந்தே துவக்கி, வைஃபை வேலை செய்கிறதா என்று பார்த்தபின் நிறுவுங்கள். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 தட்டச்சு முறையையும் சேர்க்கலாம். இப்போது கேத்தல் கொதிக்குமுன் திரை வந்துவிடுகிறது.