மலையில் ஓடும் பழைய வேனுக்கு கியர் பாக்ஸ் பட்டறை தேர்ந்தெடுப்பது எப்படி?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் சாலை ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏறிவிடுகிறது. திரும்பி வரும்போது அத்தனையும் இறக்கம். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இப்படிப்பட்ட இறக்கத்தில் ஒரு பழைய வேனைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் பாதி வேலை இரண்டாவது கியருடையது. பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்திருக்கும் நேரத்தில் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டால் வண்டியைப் பிடிக்க எதுவும் இருக்காது.

அதனால் "சத்தம்தானே வருது, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பது கோயம்புத்தூரில் செல்லலாம், கோத்தகிரியில் செல்லாது. கியர் பாக்ஸைப் பிரித்துக் கட்டுவதற்கு ஆள் தேடும்போது கூலி எவ்வளவு என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். அந்த ஆள் அளந்து பார்த்து வேலை செய்கிறாரா, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு வேலை செய்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி.

மேட்டடோர், ஸ்டாண்டர்ட் 20, ஃபோக்ஸ்வேகன் கோம்பி, 1984-ல் வந்த முதல் தலைமுறை மாருதி வேன் என்று எதை வைத்திருந்தாலும் இந்த முறை பொருந்தும். நீங்கள் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை.

படி 1: பழுது பெட்டிக்குள்தானா என்று உறுதி செய்யுங்கள்

வெளியில் இருக்கும் சின்னக் கோளாறுக்காகப் பெட்டியையே பிரித்துவிடுவது நிறைய நடக்கிறது. பட்டறைக்குப் போவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே சிலவற்றைச் சோதிக்கலாம்.

எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து வினாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பல் உரசாமல் கியர் விழச் செய்யும் வளைய அமைப்பு) கிடையாது. அதனால் கிளட்ச் சரியாக விடவில்லை என்றால் அங்கே 'கர்ர்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கிளட்சை, கேபிளை, சிலிண்டரை.

அடுத்து நியூட்ரல். கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் இரைச்சல் வந்து, மிதித்ததும் நின்றால், பெட்டிக்குள் எஞ்சின் பக்கத்து ஷாஃப்ட் பேரிங் மீது சந்தேகப்படலாம். மிதிக்கும்போதுதான் சத்தம் என்றால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஓடும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு மாதிரியும் விட்டால் வேறு மாதிரியும் ஊளையிட்டால் கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள், அதாவது இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பகுதிக்குள், இருக்கும் பல்சக்கர ஜோடி) பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் கியர் கழல்வதற்குப் பெட்டிக்கு வெளியிலும் காரணம் இருக்கலாம். எஞ்சின், கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் இற்றுப்போயிருந்தால், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மொத்த யூனிட்டும் நகர்ந்து லிவரை இழுத்துவிடும். கோம்பியில் முன்னால் இருக்கும் லிவரிலிருந்து பின்னால் இருக்கும் பெட்டி வரை வண்டி நீளத்துக்கு ஒரு ராடு போகிறது. அதன் கப்ளிங் புஷ் தேய்ந்தாலும் கியர் முழுசாக விழாது. இரண்டும் பெட்டியை இறக்காமலே மாற்றக்கூடிய சாமான்கள்.

இன்னொன்றும் மலைக்கே உரியது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிறது. அந்தக் குளிரில் கியர் ஆயில் கெட்டியாகி, காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவது கடினமாகத்தான் இருக்கும். ஆயில் சூடானதும் சரியாகிவிட்டால் அதைப் பழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஆயிலை இறக்கிப் பாருங்கள். வண்டியை ஓட்டிவந்த சூட்டோடு டிரெயின் பிளக்கைக் கழற்றி, ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் பிடித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல நைஸாக ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்தால் நெருடும் துகளோ, நகத்துணுக்கு அளவுக்கு இரும்புச் சில்லோ இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. ஆயிலில் தங்கப் பொடி போல மினுங்கினால் அது பித்தளை, அதாவது சிங்க்ரோ ரிங் கரைகிறது. காபியில் பால் விட்ட நிறமாக இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் நிறுத்திய வண்டிகளில் இது வரும். பிரீதர் (பெட்டியின் காற்றுத் துளை) அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தத் தட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பட்டறையில் காட்டலாம். ஆயிலை மட்டும் ஓடையில் ஊற்றிவிடாதீர்கள். குன்னூர் ஓடை கடைசியில் பவானியில்தான் போய்ச் சேருகிறது.

படி 2: உங்கள் பெட்டி எது என்று எழுதி வையுங்கள்

ஹவுசிங்கில் அடித்திருக்கும் எண்களைத் துடைத்துப் படம் எடுங்கள். மேட்டடோர் முன்சக்கர இழுவை வண்டி. கோம்பிக்கு எஞ்சின் பின்னால். இரண்டிலும் கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், ஒன்றைத் தொட்டால் மற்றதையும் செட் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 1967 வரை வந்த முதல் தலைமுறை கோம்பியில் பின்சக்கரங்களில் தனியாகச் சுற்றைக் குறைக்கும் ரிடக்‌ஷன் பெட்டிகளும் உண்டு, அவற்றுக்குத் தனி ஆயில். மாருதி வேன், ஸ்டாண்டர்ட் 20 போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் கியர் பாக்ஸ் தனி, டிஃபரன்ஷியல் தனி.

கிரவுன் பினியன் விகிதமும் தெரிந்திருப்பது நல்லது. ப்ரொபெல்லர் ஷாஃப்ட் உள்ள வண்டியில் இதை நீங்களே எண்ணிவிடலாம். சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, நியூட்ரலில் போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். எதற்கு இது என்றால், சமவெளிப் பட்டறைகளில் "மைலேஜ் நல்லா வரும்" என்று வேறு விகிதத்து செட்டை மாட்டிவிட வாய்ப்பு உண்டு. குறைந்த விகிதம் போட்ட வேன், பர்லியார் தாண்டி ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதோ எஞ்சின் பிடிக்காது. மலை வண்டிக்கு இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

படி 3: எங்கே தேடுவது

இதில் மூன்று வேறு வேறு தொழில்கள் இருக்கின்றன. பெட்டியை இறக்கி ஏற்றுபவர், பிரித்துக் கட்டுபவர், கியருக்குப் பல் வெட்டுபவர். குன்னூரிலோ கூடலூரிலோ உங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் மெக்கானிக் முதல் வகை. அவரே எல்லாம் செய்கிறேன் என்றால் அவர் செய்து முடித்த பெட்டி எந்த வண்டியில் ஓடுகிறது என்று கேளுங்கள். பிரித்துக் கட்டுபவரை அநேகமாகக் கோயம்புத்தூரில்தான் தேட வேண்டிவரும். பல் வெட்டும் பட்டறைகளும் அங்கே நிறைய. பழைய உதிரிகளுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் பல் வெட்டத் தெரிந்தவருக்குப் பெட்டி கட்டத் தெரியும் என்று அர்த்தமில்லை.

நல்ல ஆளைக் கண்டுபிடிக்க எஸ்டேட் லாரி, பிக்கப் ஓட்டுநர்களைக் கேட்பது எனக்குப் பிடித்த வழி. பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு தினமும் ஏறி இறங்குபவர்களுக்கு யார் கட்டிய பெட்டி எத்தனை நாள் நிற்கிறது என்பது நன்றாகவே தெரியும்.

படி 4: பட்டறையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள்

போனில் பேசி முடிவு செய்யாதீர்கள். கீழே இறங்கிப் போய், பெட்டி எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு ஒரு முறை பாருங்கள்.

அவர் மேஜையில் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் இருக்கிறதா? ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்), ஹைட்ராலிக் பிரஸ், பேரிங் புல்லர்? சுத்தியலும் உளியும் மட்டும் வைத்துப் பேரிங்கை அடித்து ஏற்றும் இடமாக இருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். ஒவ்வொரு பெட்டியின் சாமானும் தனித்தனி டிரேயில், ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கத்தில் இருந்தவை என்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? ரெண்டு வண்டியின் வாஷர்கள் ஒரே தகர டப்பாவில் கிடந்தால் நாளைக்கு உங்களுடையதும் அதில்தான் கிடக்கும்.

நல்ல கைக்காரர்கள் கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். பெரியவர் ஒருவர் தேய்ந்த சிங்க்ரோ ரிங் ஒன்றை கியரின் கோன் மேல் வைத்து என் கையில் கொடுத்தார்.

"அமுக்கித் திருப்பிப் பாருங்க தம்பி."

வழுக்கிக்கொண்டு சுற்றியது. புதியதை வைத்துக் கொடுத்தார். அமுக்கியதும் கவ்விக்கொண்டது, திருப்ப முடியவில்லை.

"இந்தக் கவ்வல்தானுங்க சிங்க்ரோ. இது போனா நீங்க எத்தனை மெதுவா போட்டாலும் கர்ருங்கும்."

பிறகு ரிங்குக்கும் கியருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகடை விட்டுக் காட்டினார். ரிங் தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கும். எவ்வளவு வரை தாங்கும் என்பது அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். "எத்தனை மில்லிமீட்டர் இருந்தா மாத்துவீங்க?" என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள். ஒரு அளவைச் சொல்கிறவரையும், "பாத்தாலே தெரியும்" என்கிறவரையும் அந்த ஒரு கேள்வியே பிரித்துக் காட்டிவிடும்.

கியர் கழல்கிறது என்று சொன்னால் அவர் எதையெல்லாம் பார்ப்பதாகச் சொல்கிறார் என்றும் கவனியுங்கள். ஸ்லீவ் (கியரைப் பூட்டும் வளையம்) கவ்வும் சின்னப் பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா, அந்த ஸ்லீவைத் தள்ளும் செலக்டர் ஃபோர்க் வளைந்தோ தேய்ந்தோ இருக்கிறதா, கியரை இடத்தில் நிறுத்தும் குண்டை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறதா, இவை நான்கும் அவர் வாயில் வர வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி அனுப்பினால் ஒரு மாதத்தில் மறுபடி கழலும்.

டிஃபரன்ஷியலும் சேர்ந்த பெட்டியாக இருந்தால், கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்றப்படுமா என்று கேளுங்கள். தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிச் சேர்த்தவை அவை. ஒரு ஜோடியின் கிரவுனையும் இன்னொரு ஜோடியின் பினியனையும் சேர்த்தால் ஊளைச் சத்தம் போகவே போகாது. பல்லில் கலர் தடவிச் சுற்றி, எங்கே படுகிறது என்று பார்த்துதான் ஷிம் வைக்க வேண்டும். அந்தத் தடத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப ஒப்புக்கொள்பவர் கிடைத்தால் மேற்கொண்டு தேட வேண்டாம்.

படி 5: எழுதி வாங்குங்கள்

பேரிங், ஆயில் சீல், பேக்கிங், சிங்க்ரோ ரிங் ஆகியவை கட்டாயம் மாறும் சாமான்களாக எஸ்டிமேட்டில் இருக்க வேண்டும், பேரிங் எந்தக் கம்பெனி என்பதோடு. கிடைக்காத கியரைப் புதிதாக வெட்டுவதென்றால், வெட்டிய பின் கேஸ் ஹார்டனிங் (பல்லின் மேற்பரப்பைக் கடினமாக்குவது) செய்து கிரைண்டிங் போடுகிறாரா என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஹார்டனிங் இல்லாத பல் பார்க்கப் பளபளவென்று இருக்கும், நாலு மாதம் தாங்காது.

கழற்றிய பழைய சாமான் அத்தனையும் திரும்ப வேண்டும். உங்கள் பெட்டியேதான் திரும்ப வேண்டும், அதே எண்ணுள்ள ஹவுசிங்கில்.

வாரண்டி என்றால் எதற்கு? இதில் எல்லாரும் கோட்டை விடுவது இறக்கி ஏற்றும் கூலி. பெட்டி மறுபடி கெட்டால் சாமானும் கைவேலையும் இலவசம் என்பார்கள். ஆனால் குன்னூரில் இறக்குவதும், கோவைக்கு வண்டி வைத்து அனுப்புவதும், மறுபடி ஏற்றுவதும் யார் செலவு? அதைத் தொகையோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாத வாரண்டி வாய்ப்பேச்சுதான்.

"இந்தப் பெட்டிக்குச் சாமான் கிடைக்காது, வேற வண்டியோடது போட்டுத் தரேன்" என்று சொல்பவரிடம் நிதானமாக இருங்கள். வேறு பெட்டி உட்கார கிராஸ் மெம்பரை (சேசிஸின் குறுக்குச் சட்டத்தை) வெட்ட வேண்டியிருக்கலாம். 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வண்டியாக 'விஏ' எழுத்துள்ள எண்ணில் பதியலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. இன்றைக்கு வெட்டும் ஒரு துண்டு நாளைக்கு அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடலாம்.

படி 6: ஆயில்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் புதிதாகக் கட்டிய பெட்டியைக் கெடுக்கப் போதுமானது. கியர் ஆயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தர வகைகள் உண்டு. கடையில் "ஜிஎல்-5தான் மேல் தரம்" என்று எடுத்துக் கொடுப்பார்கள். பித்தளை சிங்க்ரோ உள்ள பழைய பெட்டிகளுக்குப் பொதுவாக ஜிஎல்-4 தான். ஜிஎல்-5-இல் அதிகமாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் சில வகைகளில் பித்தளையை அரிக்கும். வழுக்கலும் கூடுதல் என்பதால் ரிங் கவ்வாது. 80டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) ஜிஎல்-4 பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. தனி டிஃபரன்ஷியலுக்கு மேனுவல் ஜிஎல்-5 கேட்டால் அதற்கு மட்டும் அது.

அளவு பார்ப்பதில் மலைக்காரர்களுக்கு ஒரு தொல்லை. நம் வீட்டு முற்றம் எதுவும் மட்டமாக இருப்பதில்லை. சரிவில் நிறுத்தி லெவல் பிளக்கைத் திறந்தால் அரை லிட்டர் குறைவாக இருந்தாலும் நிறைந்த மாதிரி வழியலாம். பள்ளிக்கூட மைதானமோ பெட்ரோல் பங்க் தளமோ, மட்டமான இடம் பார்த்துச் சோதியுங்கள்.

படி 7: எடுக்கும் முன்னும் பின்னும்

பட்டறையிலேயே, வண்டியில் மாட்டும் முன், ஒவ்வொரு கியராகப் போட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். எங்கும் முட்டக் கூடாது, ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

மாட்டிய பிறகு முதல் ஓட்டம் பயணிகள் இல்லாமல், சரக்கில்லாமல். போக்குவரத்து குறைந்த, ஓரளவு லேசான இறக்கமாகப் பாருங்கள். கல்லட்டிக்கு முதல் நாளே போக வேண்டாம். இரண்டாவது கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள், மறுபடி கொடுங்கள், மறுபடி விடுங்கள். லிவர் மேல் கை வைக்காமல் பார்க்க வேண்டும். நடுங்கினாலும் பின்வாங்கினாலும் அன்றைக்கே பட்டறைக்குப் போன் செய்யுங்கள். மூன்றாவதிலும் அப்படியே. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது சத்தம் வரக் கூடாது.

ஓட்டி வந்து நிறுத்தியதும் அடியில் அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதில் சொட்டு விழுந்திருந்தால் எந்த சீல் என்று இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். 500-லிருந்து 1,000 கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலை மாற்றிவிடுங்கள். புதுச் சாமான்கள் பழகும்போது உதிரும் பொடி அதில் வந்துவிடும். வாரண்டி ஆறு மாதம் என்றால் ஐந்தாவது மாதத்திலேயே, சத்தம் ஏதும் இல்லாவிட்டாலும், ஒரு முறை கீழே கொண்டுபோய்க் காட்டி, பில்லின் பின்பக்கம் தேதியோடு கையெழுத்து வாங்கி வாருங்கள்.