ஆறினால் சரியாகிவிடும் ஓவன்

சூடேறி அரை மணி நேரமானால் ஓவன் பீப் பீப் என்று கத்தும். திரையில் தகவல் தொடர்புப் பிழை. ஆறினால் தானே சரியாகிவிடும். கேட்டவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டு போச்சு என்றார்கள். எனக்கென்னவோ, சூட்டில் விரிந்து விலகும் இணைப்பு என்றே பட்டது.

மெயின் பிரேக்கரை அணைத்துப் பின்தகட்டைக் கழற்றினேன். திரையை இயக்கும் டிஸ்ப்ளே போர்டுக்கும், சூடேற்றும் கம்பிக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே போர்டுக்கும் நடுவே நான்கு கம்பிகள். இரு முனைகளையும் உருவிவிட்டு, மின்தடையை அளக்க மல்டிமீட்டர் வைத்தேன். நான்குமே ஒரு ஓமுக்குக் கீழேதான், அதாவது எதுவும் அறுபடவில்லை. சரி என்று விட்டிருப்பேன்; கனெக்டரை லேசாக ஆட்டியதும் நாலாவது கம்பியில் எண் எகிறியது, தொடர்பு விட்டுப்போகிறது. உள்ளே ஒரு பின் கறுத்து, பிடி தளர்ந்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஊசியால் அதன் வாயை நெருக்கி, ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்திச் செருகினேன். அவசரப்பட்டு வாங்கிய புது போர்டு இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது.