எழுத்தாளர் வந்துவிட்டார், புத்தகம் வரவில்லை

போன மாதம் காரிமங்கலத்திலிருந்து மூன்று பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் கையில் நாற்பது பக்க நோட்டு. இலக்கியக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு நாவலாசிரியரை அழைக்கப் போகிறார்களாம். "நீங்க இதெல்லாம் பண்ணியிருக்கீங்க சார், ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். புரட்டிப் பார்த்தேன். காலை ஓசூர், மதியம் கிருஷ்ணகிரி, சாயங்காலம் தர்மபுரி, மறுநாள் ஒகேனக்கல். வாழ்த்துரை மட்டும் எட்டுப் பேர். என் பழைய நோட்டை எங்கேயோ கண்டெடுத்துக் காப்பி அடித்தது போலவே இருந்தது. சிரிப்பு வந்தது, வயிறும் கலங்கியது.

மைக்கை முன்கூட்டியே தட்டிப் பார்ப்பது, ஃபிளெக்ஸில் விருந்தினர் பெயரைப் பிழையில்லாமல் அடிப்பது, இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காசும் மானமும் கொடுத்து நான் கற்றுக்கொண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே நாளில் மூன்று ஊர்

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரி வரை ஒரே மாவட்டம். அதனாலோ என்னவோ, ஓசூர் தொடங்கி அரூர் வரை எல்லாம் நம் வீட்டுத் திண்ணை என்ற நினைப்பு எங்கள் தலைமுறைக்குப் போகவே இல்லை. இந்தப் பையன்களுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பக்கம்தான் சார், பைபாஸ்ல ஏறினா வந்துடலாம்." ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர், அங்கிருந்து தர்மபுரி ஏறக்குறைய அதே தூரம். கார் ஓடும் நேரத்தை மட்டும் கணக்குப் போடுகிறோம். கூட்டம் முடிந்த பிறகு நடக்கிற செல்ஃபியை, "வீடு பக்கத்துலதான், ஒரு காபி மட்டும்" என்று கையைப் பிடித்து இழுக்கிற புரவலரை, சூளகிரி அருகே வரிசை கட்டி நிற்கும் லாரிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2015இல் நான் இதைச் செய்தேன். வந்த எழுத்தாளர் அறுபது தாண்டிய மனிதர். தர்மபுரி மேடை ஏறும்போது ஒன்றரை மணி நேரத் தாமதம். பேச்சின் நடுவில் ஒரு சம்பவத்தைப் பாதி சொல்லி நிறுத்தி, என் பக்கம் குனிந்து, "இதை இங்க சொல்லிட்டேனா, இல்ல கிருஷ்ணகிரியிலயா?" என்று கேட்டார். மைக்கில் கேட்டுவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு ஊர். அவ்வளவுதான்.

ரயில்

"டிக்கெட்டை நீங்களே போட்டுக்கோங்க, பணம் கொடுத்துடறோம்" என்று சொல்லாதீர்கள். வெளியூர்க்காரருக்கு நம் புவியியல் தெரியாது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. தர்மபுரி நிலையம் சேலம் – பெங்களூர் பாதையில் இருக்கிறது. சென்னையிலிருந்து சேலம் போகும் பெரிய பாதை நம் மாவட்டத்தில் மொரப்பூர் வழியாகப் போகிறது. தர்மபுரி என்று தேடி, பெங்களூர் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். மொரப்பூருக்கு நீங்களே டிக்கெட் எடுத்து அனுப்புங்கள், நிலையத்தில் கார் நிற்கட்டும். சுமார் 30 கிலோமீட்டர்தான்.

புத்தகம்

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

2018, ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை மாலை தர்மபுரியில் கூட்டம். வந்தவர் ஒரு மூத்த பெண் எழுத்தாளர். மண்டபம், சாப்பாடு, அழைப்பிதழ் என்று எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே முடித்துவிட்டேன். புத்தகத்தை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டேன், அதுதான் சுலபம் என்று. பத்து நாள் இருக்கும்போது பதிப்பகத்துக்குப் போன் போட்டு அவருடைய நாவலில் 60 பிரதி கேட்டேன். ஒன்று 350 ரூபாய், கழிவு போக 14,700. முழுப் பணமும் கட்டினால்தான் அனுப்புவோம், மீதியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். சரி என்று கட்டிவிட்டேன். கூட்டத்தில் அறுபதும் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

புதன்கிழமை அனுப்பியதாகச் சொன்னார்கள். வியாழன், வெள்ளி பார்சல் ஆபீஸில் "இன்னும் வரலை". எல்.ஆர். நம்பர், அதாவது லாரி ரசீது எண் கேட்டார்கள், அப்படி ஒன்றை வாங்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. சனிக்கிழமை நள்ளிரவு வண்டியில் பண்டல் வந்து இறங்கிவிட்டது. ஞாயிறு பார்சல் ஆபீஸ் விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு நான் போய் நின்றபோது ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. பலகையில் எழுதியிருந்த நம்பரை எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. நான் குனிந்து அதன் வழியாகப் பார்த்தேன். உள்ளே பண்டல்கள் அடுக்கியிருந்தன, ஏதோ ஒன்றின்மேல் நீல மையில் "தர்மபுரி" என்று எழுதியிருந்தது. அது என்னுடையதுதான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். மண்டபத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

மாலை நூறு பேருக்கு மேல் வந்தார்கள். வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேசை, மேலே ஒரு ரசீதுப் புத்தகம், சில்லறை டப்பா, வேறொன்றும் இல்லை. எழுத்தாளர் உள்ளே வரும்போது அந்த மேசையை ஒரு விநாடி பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பேசி முடித்ததும் கையெழுத்துக்கு வரிசை நின்றது. அழைப்பிதழின் பின்பக்கம், கல்லூரி நோட்டு, ஒரு பையன் பஸ் டிக்கெட்டையே நீட்டினான். எல்லாவற்றிலும் போட்டுக்கொடுத்தார்.

வரிசையின் கடைசியில் பென்னாகரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். கையில் அந்த நாவல். கிளை நூலகத்துப் பிரதி, அட்டை பிய்ந்து செலோடேப் ஒட்டியது, உள்ளே நூலக முத்திரை, திருப்பித் தரவேண்டிய தேதிகள். "லைப்ரரி புக்குங்கம்மா, போடலாமான்னு தெரியல" என்றார். எழுத்தாளர் சிரித்துக்கொண்டே தேதிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அப்புறம் கண்டக்டர், கதையில் அண்ணன்காரன் கிணற்றை விற்ற பிறகும் ஏன் தினமும் அங்கே போய் உட்கார்கிறான் என்று கேட்டார். அன்று மாலை நாவலைப் பற்றி வந்த ஒரே கேள்வி. மற்ற கேள்வியெல்லாம் "எழுத்தாளர் ஆவது எப்படி" ரகம். கேட்டவர்கள் மேல் என்ன தப்பு? அவர்கள் எதைப் படித்துவிட்டுக் கேட்பார்கள்?

அன்றைக்குத்தான் உறைத்தது. விற்பனை மேசை காலியானது சின்னத் தவறு. முதலில் ஊருக்கு வரவேண்டியது புத்தகம், ஆள் அப்புறம். இப்போது நான் செய்வது இதுதான். கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே பத்துப் பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுவேன். கிளை நூலகங்களில் எத்தனை பிரதி இருக்கிறது என்று விசாரித்து, யார் எடுத்தார்கள் என்று நூலகரிடம் பேச்சுக்கொடுப்பேன். பதினைந்து பேராவது படித்த பிறகு, எழுத்தாளர் இல்லாமல் எங்களுக்குள் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம். பதினைந்து பேர் தேறவில்லையென்றால் தேதியே கேட்க மாட்டேன்.

விற்பனைக்கு உள்ள பண்டல் ஒரு வாரம் முன்பே என் வீட்டில் இருக்க வேண்டும். விற்காததைத் திருப்பி எடுப்பார்களா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். பண்டலை அன்றே பிரித்துப் பாருங்கள். ஒருமுறை எனக்குச் சித்த வைத்தியப் புத்தகம் வந்தது. மேசையில் ஒரு ஆள், கூட்டம் முடியும்வரை நகராத ஆள். மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் ஐம்பது ரூபாய் நோட்டாக இரண்டாயிரம் சில்லறை. நூறு பேர் வந்தால் இருபது, இருபத்தைந்து பிரதி போனாலே நல்ல நாள் என்பது என் அனுபவம். அந்த அறுபதில் முப்பத்தெட்டு இன்னும் என் பரணில் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

மேடையில் பதினோரு நாற்காலி

ஒரு நாற்காலி போட்டால் ஒரு வாழ்த்துரை. "இரண்டே நிமிடம்" என்று தொடங்கினால் பன்னிரண்டு நிமிடம். அதிலும் நம் ஊரில் ஒரு தனி வியாதி. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூர் என்றதும் அதியமான், அதியமான் என்றதும் ஔவை, ஔவை என்றதும் நெல்லிக்கனி. ஒரே மேடையில் நாலு பேர் அடுத்தடுத்து நெல்லிக்கனி கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது கனியின்போது விருந்தினர் என் காதில், "ஊறுகாயே போட்டிருக்கலாம் போல" என்றார். ஔவையின் அந்தப் பாட்டு புறநானூற்றில் 91ஆவது, பதினோரு அடி. யாராவது ஒருவர் எழுந்து அதை மட்டும் நிறுத்தி வாசித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், கேட்கவும் நன்றாக இருக்கும்.

அதியமான் நாட்டைக் காட்ட ஆசையிருந்தால் காலையில் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய் நடுகற்களைக் காட்டுங்கள். எந்தக் கிழமை விடுமுறை என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொன்னாடை

ஒன்று. ஒருவர் கையால்.

மாணவர்களைக் கொண்டுவந்து நாற்காலியை நிரப்புவது

வேண்டாம். அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

பணம்

வழிச்செலவையும் சன்மானத்தையும் அழைக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு, ஆனால் தொகையாக. "பாத்துப் பண்றோம்" என்பது தொகை ஆகாது. கவரை மேடையில் நீட்டாதீர்கள். வந்து இறங்கிய அன்று காலையே, டீ குடிக்கும்போது கொடுத்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

தேதி

மார்ச், ஏப்ரலில் வைக்காதீர்கள். நம் வாசகர்களில் பாதி ஆசிரியர்கள். தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம் என்று போய்விடுவார்கள். முகூர்த்த ஞாயிறில் மண்டபமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. ஜூனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் இறங்கும் நேரம், தோப்பு வைத்திருக்கிறவர் எவரும் இலக்கியம் பேச வரமாட்டார். ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் மலிவு. ஆனால் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்களா, ஒலிபெருக்கிக் குழாய் எந்தத் திசை பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

பரிசல்

ஒகேனக்கல்லில் பரிசல் சவாரி என்று அழைப்பிலேயே எழுதிவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். 2018இல் அப்படித்தான். கூட்டத்துக்கு மறுநாள் அந்தப் பெண் எழுத்தாளரை அழைத்துக்கொண்டு போனால், காவிரி செம்மண் நிறத்தில் பாறைகளை மூடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. புத்தகமும் இல்லை, பரிசலும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மீன் வாங்கி, அங்கே சமைத்துத் தரும் அம்மா ஒருவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். அந்த அம்மாவிடம் எழுத்தாளர் பேச்சுக்கொடுத்தார். மசாலாவில் என்ன அரைக்கிறீர்கள் என்று தொடங்கியது, மருமகளோடு என்ன தகராறு என்பது வரை போனது. ஒரு மணி நேரம். நான் அரூரில் ஒரு கூட்டத்துக்கு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போதும் எப்போதாவது போனில் பேசினால் என் கூட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "அந்த மீன்கார அம்மா எப்படி இருக்காங்க தம்பி?" என்றுதான் விசாரிக்கிறார்.